அப்பா வாட்ச்சைப் புதுசாக்கிடாதீங்க!

திருநாவலூரில் எங்கள் வீட்டு பீரோவின் உள் லாக்கரில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். பத்திர நகல், எல்.ஐ.சி ரசீதுகள், தாத்தாவின் ஒற்றைக் கடுக்கன். இவற்றோடு கைக்குட்டையில் சுற்றிய ஒரு கைக்கடிகாரம். எச்.எம்.டி ஜனதா. 1974-ல் நடந்த கல்யாணத்தில் அப்பாவுக்கு அம்மா வீட்டில் போட்ட மாப்பிள்ளை வாட்ச். அப்பா போன பிறகு அது ஓடவில்லை. ஓடவைக்க யாரும் முயலவும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, அப்பாவின் திதி அன்று, அம்மா அதை எடுத்துத் துடைத்து, காதில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைத்துவிடுவார்.

நான்தான் சும்மா இருக்கவில்லை. அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளுக்கு அதை ஓடுகிற நிலையில் கையில் கொடுத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போய், ஒரு பெரிய நகரத்துக் கடையில் கொடுத்து, "புதுசு மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றேன். நான் செய்த தப்பு அந்த ஒரு வரிதான்.

பத்து நாளில் வாட்ச் வந்தது. கேஸ் கண்ணாடி மாதிரி மின்னியது. டயல் வெள்ளை வெளேர். ஓரமெல்லாம் டீ நிறத்தில் பழுத்திருந்த பழைய டயல் எங்கே என்று கேட்டேன். "அது கறை புடிச்சுப் போச்சு சார், வேற போட்டுட்டோம். அதுக்குத் தனியா சார்ஜ் பண்ணலை" என்றார்கள், சலுகை செய்த தோரணையில். பழசு குப்பைக்குப் போய்விட்டிருந்தது.

அம்மா வாங்கிக் காதில் வைத்தார். டிக் டிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். "நாலு மணிக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்குமே, வாழைக்கறை மாதிரி? அது எங்கடா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "ஓடுதுல்லம்மா" என்றேன். "ஓடுது" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த வாட்ச்சை அவர் எடுத்துப் பார்த்து நான் பார்க்கவில்லை.

அந்த உறுத்தலில்தான் பழைய கடிகாரங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். சேகரிப்பாளர்கள் சிலரிடம் பேசினேன். நான் காசு கொடுத்து அழித்த அந்தக் கறையைத்தான் அவர்கள் காசு கொடுத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கறைக்குத்தான் காசு

பழைய வாட்ச் சேகரிப்பவர்களின் கனவு பளபளப்பான வாட்ச் அல்ல. யாரும் கை வைக்காத வாட்ச். தொழிற்சாலையில் பொருத்திய அதே டயல், அதே முட்கள், அதே சாவி, பாலிஷ் சக்கரத்தில் தேயாத கேஸ் முனைகள். ஓடாவிட்டால்கூடப் பரவாயில்லை என்பார்கள். ஓடாத மெஷினை ஓடவைக்கலாம். ஒருமுறை துடைத்தெறிந்த டயலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

உலகச் சந்தையில் இதற்கு ஒரு பேரே வைத்திருக்கிறார்கள். பழைய ரோலெக்ஸ் வாட்ச்களில் சிலவற்றின் கறுப்பு டயல், வெயிலும் வருஷங்களும் சேர்ந்து காபிப் பொடி நிறத்துக்கு மாறிவிடும். அதை 'டிராப்பிக்கல் டயல்' என்கிறார்கள், வெப்ப நாட்டு டயல் என்ற அர்த்தத்தில். கறுப்பாகவே இருப்பதைவிட இப்படி நிறம் மாறியதற்கு விலை அதிகம். நம் ஊர் வெயிலில் அரை ஆயுள் காய்ந்த என் அப்பாவின் வாட்ச் எந்த வகை என்று இனிமேல்தான் யாரும் சொல்ல முடியாதே!

அபூர்வம் என்பதற்கான கணக்கும் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கும். ஸ்விட்சர்லாந்தின் பாடெக் ஃபிலிப் கம்பெனி 1940-களில் 1518 என்ற மாடலைச் செய்தது. பெரும்பாலும் தங்கத்தில். ஸ்டீலில் செய்தவற்றில் இன்று நாலே நாலுதான் இருப்பதாகத் தெரிகிறது. 2016-ல் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்த ஸ்டீல் 1518, 1.1 கோடி ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. நம் பணத்தில் 70 கோடி ரூபாயைத் தாண்டும். தங்கத்தைவிட இரும்புக்கு விலை!

ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா கதை இன்னும் சுவாரஸ்யம். கார் பந்தயப் பிரியரான கணவருக்கு மனைவி ஜோன் உட்வர்ட் வாங்கிக் கொடுத்தது. 'பார்த்து ஓட்டுங்கள், நான்' என்ற பொருளில் பின்பக்கம் மூன்றே வார்த்தைகள் பொறித்திருந்தார். அந்த டயல் கொண்ட மாடல் கடைகளுக்கு வந்த காலத்தில் அவ்வளவாக விலைபோகவில்லை. 1984-ல், மகளின் நண்பன் ஒருவன் நியூமன் வீட்டுத் தோட்டத்து மரவீட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது, மணி என்ன என்று கேட்டிருக்கிறார். தன்னிடம் வாட்ச் இல்லை என்றான் பையன். "இந்தா, சாவி கொடுத்தால் நன்றாக ஓடும்" என்கிற மாதிரி சாதாரணமாகக் கழற்றிக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அது 1.77 கோடி டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 115 கோடி ரூபாய். அந்த மூன்று வார்த்தைகளைப் பாலிஷ் போட்டு அழித்திருந்தால்?

நம் வீடுகளில் பாத்திரத்தில் பேர் வெட்டுவதைப் போல, பணி ஓய்வுக்குக் கொடுத்த வாட்ச்களின் பின்பக்கத்திலும் பேரும் தேதியும் பொறித்திருப்பார்கள். 'பேர் இருந்தா விலை போகாது' என்று தேய்த்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரு எச்.எம்.டி

பாடெக் ஃபிலிப்பும் டேடோனாவும் கள்ளக்குறிச்சி மாவட்ட பீரோக்களில் கிடைக்கப் போவதில்லை. இங்கே கிடைக்கக்கூடியது வேறு.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, மத்திய அரசின் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் தொகுதி வாட்ச்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. அதுவரை கைக்கடிகாரம் என்றாலே சீமைச் சரக்கு. மாவரைக்கும் இயந்திரத்துக்கும் வாட்ச்சுக்கும் ஒரே மாதிரி 'மெஷின்' என்று சொல்லிப் பழகிய நாட்டில், மெஷின் செய்கிற மெஷின்களைத் தயாரித்த கம்பெனியே வாட்ச் செய்ய வந்தது பொருத்தம்தான்.

ஜனதா என்று பேர் வைத்தார்கள், ஜனங்களுக்கான வாட்ச் என்று. பிறகு வரிசையாகப் பைலட், ஜவான், கோஹினூர், தருண், சோனா, காஞ்சன். பேரைக் கேட்டாலே அன்றைய தேசம் தெரியும். கறுப்பு டயல் பைலட், கல்லூரிப் பையன்களின் ஆசை. தகடு மாதிரி மெலிசான, தங்க முலாம் பூசிய சோனா, அதிகாரிகளின் கைக்கு. காஞ்சன் கிடைத்துவிட்டால் சம்பந்தி வீட்டில் தலைநிமிர்ந்து பேசலாம். கடையில் போய்க் கேட்டதும் கிடைத்துவிடாது. பேர் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள், பெங்களூரில் சொந்தக்காரர் இருக்கிறாரா என்று விசாரித்தவர்கள், சிபாரிசுக் கடிதம் வாங்கிப் போனவர்கள் எல்லாம் நம் அப்பாக்கள்தான். என் தாய்மாமா, அக்கா கல்யாணத்துக்கு வாட்ச் வாங்கப் பாண்டிச்சேரி வரை போய் வெறுங்கையோடு திரும்பி, மறுபடி போன கதையை இன்றைக்கும் சொல்வார். சைக்கிளில்கூட மாப்பிள்ளை சமாதானம் ஆனாராம், வாட்ச்சில் ஆகவில்லையாம். (அப்பா இருந்தவரை இதை மறுத்துக்கொண்டே இருந்தார்.)

ஜனதாவுக்குள் இருப்பது பேட்டரி இல்லாத எளிய மெஷின். காலையில் சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும். அது தளரத் தளரப் பல்சக்கரங்கள் சுற்றும். பாலன்ஸ் வீல் என்கிற சின்னச் சக்கரம் இடமும் வலமும் ஆடி, அந்த வேகத்தைத் துளித்துளியாக வெளியே விடும். ஒரு நொடிக்கு ஐந்து டிக். ஒரு நாளைக்கு 4,32,000. தேய்மானம் வராமல் இருக்க அச்சு முனைகளில் மாணிக்கக் கற்கள், செயற்கையாகச் செய்தவைதான். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதன் அர்த்தம் அது. அந்தக் கற்களை எடுத்து விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடுகைவிடச் சின்னதான அவற்றுக்குத் தனியாக மதிப்பு எதுவும் கிடையாது.

1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ, உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கிற காலத்துக்கு அன்றைக்கே மணி அடித்துவிட்டது. இங்கே அது கேட்கக் கொஞ்சம் தாமதமானது. 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாட்டின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. பேரிலேயே தமிழ்நாடு ஒளிந்திருக்கிறது. ஓசூரில் தொழிற்சாலை, குளுகுளு ஷோரூம், மொஸார்ட் இசையோடு டி.வி விளம்பரம். மாப்பிள்ளைகள் கட்சி மாறினார்கள். எச்.எம்.டி மெல்லத் தேய்ந்தது. 2014-ல் மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், பல வருஷமாகச் சீண்டாதவர்கள் எல்லாம் கடைக்கு ஓடினார்கள். மிச்சமிருந்த சரக்கு சுத்தமாகக் காலி. 2016 ஜனவரியில் எச்.எம்.டி வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெங்களூர் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி அருங்காட்சியகம் இருக்கிறது. குடும்பத்தோடு அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். உங்கள் வீட்டு வாட்ச்சின் உடன்பிறப்புகள் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும்.

சரி, எச்.எம்.டியில் எதைத் தேடுகிறார்கள்? சாதாரண ஜனதா லட்சக்கணக்கில் வந்தது. அதற்குச் சில ஆயிரங்கள் கிடைத்தால் பெரிது. லட்சம் வரும் என்று கனவு காண வேண்டாம். சிட்டிசன் பேரும் சேர்த்து அச்சிட்ட ஆரம்பகால டயல், தேவநாகரி எழுத்தில் பேரும் எண்களும் உள்ள ஜனதா, பார்வையற்றவர்கள் மூடியைத் திறந்து முள்ளைத் தடவி மணி பார்ப்பதற்கான பிரெய்ல் வாட்ச், ராணுவத்தினர் கட்டிய ஜவான். இவையெல்லாம் கண்ணில் பட்டால் சேகரிப்பாளர்களுக்குத் தூக்கம் போய்விடும். எல்லாவற்றையும்விட அவர்கள் ஏங்குவது, விற்காமலே கிடந்த வாட்ச்சுக்கு. சின்ன ஊரில் மூடிக்கிடக்கும் ஒரு கடிகாரக் கடை. உள்ளே அட்டைப் பெட்டி, உத்தரவாத அட்டை, விலைச் சீட்டோடு முப்பது வருஷமாக யார் கையிலும் ஏறாத ஒரு பைலட். இதற்காகவே பஸ் பிடித்து ஊர் ஊராக அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

பட்டாளத்துக்காரர் கொண்டுவந்தது

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியப்பாவிடம் ஒரு வாட்ச் இருக்கிறது. அவருடைய அப்பா இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்தில் இருந்தவர். நான் பழைய வாட்ச்களைப் பற்றி விசாரிக்கிறேன் என்று கேள்விப்பட்டு, "நம்மகிட்டயும் ஒண்ணு கெடக்குடா" என்று எடுத்துவந்தார். டயலில் வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, அதன் கீழே சோவார். எனக்குக் கை நடுங்கியது.

எச்.எம்.டிக்கு முன்னால் இந்தியாவை ஆண்ட வாட்ச் அதுதான். ஸ்விஸ் தயாரிப்பு. ஆனால், பம்பாயையும் கல்கத்தாவையும் மனதில் வைத்துச் செய்தது. சோவார் என்றால் குதிரை வீரன். நம்மிடம் 'சவாரி' என்று புழங்குகிற சொல்லின் உறவு. பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளம், ரயில்வே என்று பரவிய பேர். ஃபேவர் லூபா இன்னொன்று. 1860-களிலேயே பம்பாய்க்கு வந்துவிட்ட ஸ்விஸ் கம்பெனி. 1960-களில் அவர்கள் செய்த 'பிவோக்' என்ற மாடல் மலையேறுபவர்களுக்கு உயரத்தைக் காட்டும். அது அசலாகக் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். அந்த கம்பெனியையே 2011-ல் நம்ம ஓசூர் டைட்டன் விலைக்கு வாங்கியதும், பிறகு அது மறுபடி கைமாறியதும் தனிக்கதை. இவை தவிர, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போய் வந்த மாமாக்கள் கொண்டுவந்த சீக்கோ 5, ரிக்கோ, சிட்டிசன் ஆட்டோமேட்டிக்குகள் தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. 'ஃபாரின் வாட்ச்' என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போன வாட்ச்கள்!

பெரியப்பாவின் மகன் சென்னையில் இருக்கிறார். "அதைக் கொடுங்கப்பா, ரெடி பண்ணிக் கொண்டுவர்றேன்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். நான் என் கதையைச் சொன்னேன். பெரியப்பா ஒன்றும் பேசாமல் வாட்ச்சை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

மூல ஓலை எங்கே?

பழைய வாட்ச் சந்தையில் இன்றைய பெரிய தொல்லை, அசலும் போலியும் ஒரே உடம்பில் இருப்பது. உள்ளே மெஷின் அசல் எச்.எம்.டி. ஆனால், டயல் போன மாதம் அச்சடித்தது. முள் இன்னொரு மாடலுடையது, கேஸ் எங்கிருந்தோ வந்தது. இணையத்தில் 'விண்டேஜ்' என்ற பேரில் மலிவாக வந்து குவிகிற கலர் கலரான பைலட், ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் வாட்ச்களில் நிறைய இந்த ரகம். எழுத்து தடித்து மழுங்கியிருந்தாலோ, நிமிடக் கோடுகள் ஓரத்தில் கோணலாக ஓடினாலோ, ஐம்பது வருஷத்து வாட்ச்சில் டயல் மட்டும் நேற்றுப் பிறந்த மாதிரி இருந்தாலோ உஷாராகிவிடுங்கள். எச்.எம்.டியே பல நிறங்களில் டயல் செய்திருக்கிறது என்பதால், கலராக இருப்பதெல்லாம் போலி என்றும் ஒதுக்கிவிட முடியாது.

எங்கள் ஊர்க்காரருக்கே இந்த வழக்கு வந்திருக்கிறதே! சுந்தரர் பிறந்த ஊர் திருநாவலூர். அவர் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து நின்று, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்றார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை வேறு இருக்கிறது என்றார். திருவெண்ணெய்நல்லூர் சபையில் அந்த மூல ஓலையை, பாட்டனார் கைப்பட எழுதிய இன்னொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, எழுத்து ஒன்றுதான் என்று உறுதிசெய்த பிறகே தீர்ப்பு. சேக்கிழார் விவரமாகச் சொல்கிறார். ஏலக் கம்பெனி நிபுணர்கள் இன்று செய்வதும் அதேதான். சந்தேகமில்லாத ஒரு அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்தின் வளைவு வரை ஒப்பிடுகிறார்கள். நான் குப்பைக்கு அனுப்பியது மூல ஓலையை.

யாருடையது என்ற சான்றுக்கு என்ன மதிப்பு என்பதற்குக் காந்தி வைத்திருந்த ஜெனித் பாக்கெட் கடிகாரம் ஓர் உதாரணம். இந்திரா கொடுத்தது. ஒருமுறை ரயில் பயணத்தில் திருடு போய், மனம் கேட்காமல் திருடியவரே திருப்பிக் கொடுத்தது. 2009-ல் நியூயார்க்கில் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணத்தோடு சேர்த்து ஏலம் விட்டபோது 18 லட்சம் டாலருக்கு எடுத்தவர் விஜய் மல்லையா. வாட்ச்சுக்கான விலையா அது?

உளுந்தூர்பேட்டையில் ஒரு மேஜை

உளுந்தூர்பேட்டையில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் இருக்கிறார். வயது அறுபத்தைந்துக்கு மேல். கடை என்று சொல்ல முடியாது. ஒரு மேஜை, கண்ணாடி மூடி, கண்ணில் இடுக்கிக்கொள்ள ஒரு லென்ஸ். பெரும்பாலும் பேட்டரி மாற்றுகிறார், செயின் குறைக்கிறார். அப்பாவின் வாட்ச்சை அவரிடம் காட்டினேன். பின்மூடியைத் திறந்து பார்த்தார்.

"மிஷின் நல்லாருக்கு தம்பி. டயல்தான் மாத்திப்புட்டாங்க. முள்ளும் இதோடது இல்ல."

"முள்ளுமா?"

"நொடி முள்ளு. பாருங்க, கோட்டைத் தொடல. குட்டையா இருக்கு."

அதுவரை எனக்கு அதுகூடத் தெரியாது.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். உள்ளே செத்த வாட்ச்கள். முப்பது நாற்பது இருக்கும். கம்பெனி மூடிய பிறகு புது உதிரிபாகம் கிடையாது. ஒரு ஜனதாவை ஓடவைக்க இன்னொரு ஜனதாவைப் பிரிக்க வேண்டும். "இதுங்க தீந்துச்சுன்னா நானும் தீந்தேன்" என்று சிரித்தார். அவர் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறார். லென்ஸ் பிடிக்க ஆள் இல்லை.

பழைய வாட்ச் கொண்டுவருபவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். பொரிந்து தள்ளினார். பல வருஷம் சும்மா கிடந்த வாட்ச்சை எடுத்ததும் சாவியைப் போட்டு முறுக்கக் கூடாது. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும். வறட்சியாக ஓடினால் அச்சு தேயும். முதலில் பிரித்துக் கழுவி எண்ணெய் விடட்டும், பிறகு ஓடட்டும். பேட்டரி வாட்ச் என்றால், கட்டாத காலத்தில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கசிந்தால் மெஷினையே தின்றுவிடும். கடையில் கொடுக்கும் முன்பு டயலையும் பின்பக்கத்தையும் மெஷினையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'சர்வீஸ் மட்டும், டயல், கேஸ், முள் எதையும் தொட வேண்டாம், கழற்றினது எதுவானாலும் திருப்பிக் கொடுங்க' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இந்தக் கடைசி விஷயத்தை அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நல்ல மனிதர்.

அவர் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். இருட்டில் பச்சையாக ஒளிரும் வாட்ச்சை நம் வீடுகளில் பொதுவாக 'ரேடியம் வாட்ச்' என்போம். 1960-களுக்கு முந்தையவற்றில் பலவற்றில் இருந்தது நிஜமாகவே ரேடியம். அமெரிக்காவில் 1917 வாக்கில் தொடங்கி, தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி டயலில் ரேடியம் பூசிய இளம்பெண்கள், தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். வாட்ச் இப்போது ஒளிராமல் போயிருந்தாலும் ரேடியம் போய்விடாது. அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். மூடிய வாட்ச் பீரோவில் இருப்பதால் பயப்பட வேண்டாம். ஆனால், வீட்டில் திறந்து, நகத்தாலோ ஊசியாலோ அந்தப் பூச்சைச் சுரண்டவே கூடாது. குழந்தைகள் கையில் விளையாடவும் கொடுக்காதீர்கள். பெரியப்பாவின் சோவாரில் எண்கள் மேல் பழுப்பாக ஒரு பூச்சு இருக்கிறது. அதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு துண்டுச் சீட்டு

சேகரிப்பாளர் ஒருவர் சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருந்தது. செலவில்லாதது. வாட்ச்சோடு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வையுங்கள் என்றார். யார் வாங்கியது, எந்த வருஷம், எந்த ஊர்க் கடை, யாருக்காக, எப்போது ரிப்பேர் ஆனது. பழைய ரசீதோ பெட்டியோ இருந்தால் கூடவே இருக்கட்டும். கல்யாணப் போட்டோவில் கையில் அந்த வாட்ச் தெரிகிறதா? அதன் ஒரு பிரதியும். விற்கப்போகிறவர்களுக்கு அது விலை. விற்காதவர்களுக்கு, பேரனுக்குச் சொல்ல ஒரு கதை.

போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவை உட்காரவைத்துக் கேட்டு எழுதினேன். வாட்ச் வாங்கியது தாய்மாமா, பாண்டிச்சேரியில். அது தெரியும். பணம் கொடுத்தது பாட்டி, வேர்க்கடலை விற்ற காசில். அது எனக்குத் தெரியாது. நாலு மணிப் பக்கத்துப் புள்ளி, நான் பிறந்த வருஷம் பெய்த மழையில் கூரை ஒழுகி, ஆணியில் மாட்டியிருந்த வாட்ச்சுக்குள் தண்ணீர் இறங்கியதால் வந்தது. அதுவும் எனக்குத் தெரியாது.

கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்தோம். அப்பாவின் இடது கையில் வாட்ச் இருக்கிறது. சட்டைக் கையை வேண்டுமென்றே கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசி வரியாக, 'டயலும் நொடி முள்ளும் பின்னால் மாற்றப்பட்டவை. மாற்றியது மகன்' என்று முடித்தேன். அம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மகன்னு போட்டா எந்த மகன்னு தெரியும்? உன் பேரைப் போடு" என்றார்.

போட்டேன்.